இயங்குதள மாற்றமும் அடுத்த ஒரு வாரமும்

(கட்சி அலுவலகங்களிலும் பத்திரிகைப் பிரிவுகளிலும் பணியாற்றும் தமிழ்த் தோழர்களுக்காகத் தில்லியில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமெனில் கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். இன்டெல் செயலியாயின் அது பொதுவாக எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் அடங்காத கணினி பழுதடைந்த கணினி அன்று. அதன் விசைகள் இயங்குகின்றன, திரை ஒளிர்கிறது, கட்டுரையைத் தட்டச்சு செய்யவும் மின்னஞ்சல் அனுப்பவும் அது போதுமானது. ஆயினும் எங்கோ எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவு அதைக் குப்பை என்று அறிவித்துவிட்டது. கட்சி அலுவலகங்களில் உள்ள மடிக்கணினிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவையே. தோழர்கள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை, ஆதரவாளர்கள் நன்கொடையாக அளித்தவை, மாநாட்டுப் பணிக்காக என்றோ வாங்கப்பட்டவை ஆகியவற்றைக் கொண்டுதான் வேலை நடக்கிறது.

ஆகவே பல தோழர்கள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்களுக்கு மாறியுள்ளனர். லினக்ஸ் மின்ட், டெபியன், உபுண்டு எனப் பெயர்கள் வேறுபடினும் அடித்தளம் ஒன்றே. நிறுவும் நாளைப் பற்றிப் பேச ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அரை மணி நேரத்தில் நிறுவலாம், செலவில்லை, நச்சுநிரல் தொல்லை குறைவு என்ற செய்திகள் எல்லோருக்கும் தெரியும். நிறுவிய மறுநாள் காலையில் வைஃபை காணாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை. மாற்றம் நிலைக்கிறதா, திரும்பிப் போகிறதா என்பது அந்த ஒரு வாரத்தில்தான் முடிவாகிறது.

ஒரு பத்திரிகையின் மொழிபெயர்ப்புப் பிரிவில் நடந்ததைக் கூறலாம். மூன்று மடிக்கணினிகளில் ஒரு திங்கட்கிழமை லினக்ஸ் மின்ட் நிறுவப்பட்டது. இரண்டு கணினிகள் எவ்விதச் சிக்கலுமின்றி இயங்கின. மூன்றாவதில் வைஃபை இருப்பதற்கான அடையாளமே இல்லை. புதன்கிழமை இரவு பக்கங்கள் முடிய வேண்டும். ஆங்கிலத்திலிருந்து வந்த நீண்ட தீர்மானம் ஒன்று பாதி மொழிபெயர்ப்பில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை நண்பகலில் அந்தக் கணினியில் வேலை செய்யும் தோழர், ‘பழையதையே போட்டுவிடுங்கள், வேலை முடியட்டும்’ என்றார். பழையது என்பது உரிமம் பெறாத நகல் விண்டோஸ். அவர் கூறியதில் தவறில்லை. வேலை நிற்கும்போது கொள்கை விளக்கம் கேட்கும் பொறுமை எவருக்கும் இராது. அந்தக் குரலுக்குக் கடிந்துரையும் முழக்கமும் பதில் ஆகா. வைஃபை இயங்குவது ஒன்றே பதில்.

அச்சுப்பொறியில் தொடங்கிய இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு வன்பொருள் தகராறில் பிறந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், 1980ஆம் ஆண்டு வாக்கில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு முன்பிருந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்காகக் காத்திருப்போர் அனைவரின் திரைக்கும் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தியிருந்தார். புதிய பொறியிலும் அதையே செய்ய முயன்றார். ஆனால் அதன் மூல நிரல் தரப்படவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தன் கையிலுள்ள கருவியைப் பழுது நீக்கும் உரிமை பயன்படுத்துபவனுக்கு இல்லை என்பதே அந்த மறுப்பின் பொருள். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் அதனோடு இணைந்தபோது முழுமையான கட்டற்ற இயங்குதளம் கிடைத்தது.

‘கட்டற்ற’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசமா, சுதந்திரமா என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை. ஸ்டால்மன் ஒவ்வொரு மேடையிலும் அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. விலையைச் சுட்டாமல் விலங்கைச் சுட்டும் சொல்லாக அது அமைந்துவிட்டது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக அமைந்த அரிய இடங்களில் இது ஒன்று.

ஊமையான ஒலிபெருக்கியின் அரசியல் பொருளாதாரம்

பழுது ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கணினியின் ஒவ்வோர் உறுப்போடும் இயங்குதளம் பேசுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அதற்கு இயக்கி என்று பெயர். வைஃபை, ஒலி, வரைகலை போன்ற உறுப்புகள் பலவற்றில் சிறு செயலி ஒன்று உள்ளே இருக்கிறது. அச்செயலி விழித்தெழுவதற்கு அதனுள் ஏற்ற வேண்டிய இன்னொரு நிரலும் தேவை. அதற்கு நிலைபொருள், அதாவது ஃபர்ம்வேர், என்று பெயர். இயக்கியைத் தன்னார்வலர்கள் எழுதிவிடலாம். நிலைபொருளோ பெரும்பாலும் சில்லு தயாரிக்கும் நிறுவனத்தின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. இயக்கி இருந்தும் நிலைபொருள் இல்லாவிட்டால் வைஃபை அட்டை உயிரற்ற தகடு மட்டுமே.

பிராட்காம் சில்லுகளின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நிறுவனம் நெடுங்காலம் லினக்ஸுக்குத் திறந்த இயக்கியோ தொழில்நுட்ப ஆவணமோ வழங்கவில்லை. வேறு கருவிகளில் இருந்த இயக்கியைப் பிரித்துப் படித்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஊகித்து, தன்னார்வலர்கள் தாமே ஓர் இயக்கியை எழுதினர். அது 2006இல் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அப்போதும் நிலைபொருளைப் பயனர்தான் தனியே பிரித்தெடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில்தான் புதிய சில்லுகளுக்கான திறந்த இயக்கியை நிறுவனம் வெளியிட்டது. பழைய சில்லுகள் பலவற்றுக்கு மூடிய இயக்கியே இன்றும் துணை. நன்கொடையாக வரும் பழைய மடிக்கணினிகளில் இச்சில்லுகள் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் இதை விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

இங்கே ஒரு மயக்கத்தையும் களைய வேண்டும். லினக்ஸ் என்பது இரவுகளில் விழித்திருக்கும் தன்னார்வலர்களின் படைப்பு என்ற சித்திரம் தோழர்களிடையே பரவலாக உள்ளது. தொடக்கத்தில் அது உண்மை. இன்று கெர்னலுக்குச் செல்லும் நிரல்களில் பெரும்பகுதியை எழுதுவோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்களே. மூலதனம் கட்டற்ற மென்பொருளை எதிர்க்கிறது என்பது பாதி உண்மை. தனக்கு வேண்டிய இடத்தில் அது தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளேயும் லினக்ஸ் கெர்னலே இருக்கிறது. ஆயினும் ஒரு மலிவு மடிக்கணினியின் ஒலிபெருக்கி ஊமையாகிறது. காரணம் திறமைக் குறைவு அன்று. தரவு மையத்தின் வலைப்பின்னல் அட்டைக்கு இயக்கி எழுதுவதில் லாபம் இருக்கிறது. அடுத்த ஆண்டு சந்தையிலிருந்து மறையப்போகும் மலிவு மடிக்கணினியின் கைரேகை உணரிக்கு எழுதுவதில் இல்லை. எந்த உறுப்பு இயங்கும், எது இயங்காது என்பதை இந்தக் கணக்கு பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. செயலி, நினைவகம், விசைப்பலகை, கம்பிவழி வலைப்பின்னல் ஆகியவற்றில் பெரும்பாலும் சிக்கல் எழாது. வைஃபை, ஒலி, உறக்கநிலை, தனி வரைகலைச் சில்லு, கைரேகை உணரி ஆகியவையே தகராறு செய்பவை.

டெபியன் சமூகம் இந்தப் பிரச்சினையில் நெடுங்காலம் உறுதியாக நின்றது. மூடிய நிலைபொருளை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது அதன் கொள்கை. விளைவாக, புதிதாக வருபவர் வைஃபை இல்லாமல் முதல் நாளே தோற்றுத் திரும்பினார். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அம்முடிவை மாற்றினர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் நிலைபொருள் கோப்புகள் நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகின்றன. இது சமரசமா என்ற விவாதம் அங்கே கடுமையாக நடந்தது. கொள்கையின் தூய்மைக்காக மக்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதா என்ற கேள்வி கட்சித் தோழர்களுக்கும் புதிதன்று.

எங்கே தொடங்குவது

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பென்டிரைவிலிருந்தே இயங்குதளத்தை இயக்கிப் பார்க்கும் வசதி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வகைகளிலும் உள்ளது. ஹார்டு டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாது. அந்நிலையில் அரை மணி நேரம் செலவிட்டு வைஃபை இணைகிறதா, பாட்டு ஒலிக்கிறதா, மைக் பதிவு செய்கிறதா, மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா, அச்சு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேற்சொன்ன மொழிபெயர்ப்புப் பிரிவில் முதல் கணினியை மட்டும் இவ்வாறு சோதித்துவிட்டு, மற்ற இரண்டும் அதைப் போன்றவையே என்று கருதிவிட்டனர். ஒரே பெயரில் விற்கப்படும் மடிக்கணினிகளிலேயே உள்ளிருக்கும் வைஃபை அட்டை வேறுபடலாம். எந்த மாதம் எந்தச் சில்லு மலிவாகக் கிடைத்ததோ அதுவே பொருத்தப்படுகிறது.

ஆகவே வெளியே ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயரைக் கொண்டு பழுது தேடுவது வீண். உள்ளே இருக்கும் சில்லின் அடையாள எண்ணே முக்கியம். முனையச் சாளரத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்பதை அதன் ஆங்கில எழுத்துகளில் சிறிய எழுத்தாகத் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறியும் என்என்கே என்ற எழுத்துகளும் சேர்த்தால், ஒவ்வோர் உறுப்பின் பெயரும், சதுர அடைப்புக்குள் அதன் எண்ணும், அதை இயக்கும் இயக்கியின் பெயரும் வரிசையாக வரும். யூஎஸ்பி வழி இணைந்தவற்றுக்கு எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை. இயக்கி இருக்க வேண்டிய வரி இல்லாமலிருந்தால், அங்கேதான் பழுது. அந்த எண்ணைக் கொண்டு தேடினால், அதே சில்லோடு போராடிய வேறொருவரின் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை கெர்னல் எழுதிவைத்த குறிப்பேட்டைக் காட்டும்; சில வகைகளில் இதற்கு நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். நிலைபொருள் கோப்பு கிடைக்கவில்லை என்றால், எந்தக் கோப்பு என்பதைப் பெயருடன் அது சொல்லிவிடுகிறது. பழுதைத் தானே ஒப்புக்கொள்ளும் இத்தகைய நேர்மை கட்டற்ற இயங்குதளத்தின் பெரும் பலம். ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதே தோழர்கள் பலருக்கும் தடை. அதைத் தமிழாக்கித் தரும் வேலை மொழிபெயர்ப்பாளர்களுடையது.

வைஃபையில் முதலில் பார்க்க வேண்டியது மிக எளிய ஒன்று. ஆர்எஃப்கில் என்ற கட்டளையோடு ‘லிஸ்ட்’ என்று சேர்த்தால், அட்டை முடக்கப்பட்டுள்ளதா என்பது தெரியும். மென்பொருள் முடக்கம் என்றால் கட்டளையால் நீக்கலாம். வன்பொருள் முடக்கம் என்றால் மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் சிறு தள்ளுவிசையையோ, விமானப் படமிட்ட விசையையோ யாரோ தொட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் இயக்கி தேடிவிட்டு இறுதியில் இந்த விசையைக் கண்டவர்கள் உண்டு. அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு இயக்கி வேண்டும். இந்தச் சுழலை உடைக்க ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். யூஎஸ்பி கம்பியால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி வலைப்பின்னலாக ஏற்றுக்கொள்ளும். இயக்கி எதுவும் தேடத் தேவையில்லை. பிறகு மின்ட்டிலும் உபுண்டுவிலும் உள்ள கூடுதல் இயக்கிகள் பகுதியைத் திறந்தால், உரிய இயக்கியை அதுவே பரிந்துரைக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் இவ்வளவும் நடந்தது. இயக்கி நிறுவப்பட்டது, கணினி மீளத் தொடங்கியது, வைஃபை அப்போதும் வரவில்லை. அலுவலகத்தில் நம்பிக்கை தளர்ந்தது. நிகழ்ந்தது இதுதான். புதிய மடிக்கணினிகளில் செக்யூர் பூட் என்னும் காவல் ஏற்பாடு உண்டு. கையொப்பமிடப்படாத எந்த நிரலும் கெர்னலுக்குள் நுழைய அது விடாது. வெளியிலிருந்து வரும் இயக்கிக்குக் கணினியிலேயே ஒரு கையொப்பம் உருவாக்கப்பட்டு, நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த முறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்று தோன்றி, அந்தக் கையொப்பத்தைப் பதிவு செய்யவா என்று கேட்கும். சில நொடிகள் மட்டுமே அது காத்திருக்கும். நீலத் திரை என்றாலே விண்டோஸ் செயலிழந்த நினைவு வரும் தோழர், பதற்றத்தில் என்டர் விசையைத் தட்டித் தாண்டிவிட்டார். இயக்கி கணினியில் இருக்கிறது. ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதே வேலையை மீண்டும் செய்து, அத்திரையில் பதிவு செய்யும் தெரிவைத் தேர்ந்து, கடவுச்சொல்லைத் தந்தபோது வைஃபை வந்தது. மாலை ஐந்து மணிக்குத் தீர்மானத்தின் மொழிபெயர்ப்பு தொடர்ந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அணைக்கலாம், ஆனால் கதவு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றும் முடிவு அது. முதலில் சாவியைத் தேடுவது நல்லது.

வைஃபை தெரிகிறது, ஆனால் அட்டைப் பெட்டிக்கு அருகில் சென்றால்தான் இணைகிறது என்ற புகார் வேறு வகை. சில மலிவு மடிக்கணினிகளில் இரண்டு ஆன்டெனாவுக்கு இடமுள்ள சில்லில் ஒன்றை மட்டும் பொருத்திவிடுகிறார்கள். இயக்கி மற்றதைத் தேர்ந்துகொண்டு செவிடாக நிற்கிறது. ரியல்டெக் சில்லுகள் சிலவற்றில் எந்த ஆன்டெனா என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டால் தீர்ந்துவிடும். எண்ணைக் கொண்டு தேடினால் அந்த வரி கிடைக்கும்.

ஒலி, உறக்கம், நேரம்

ஒலி வராதபோது முதலில் ஒலி அமைப்பில் எந்த வெளியீடு தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலி தொலைக்காட்சித் துளைக்குப் போய்க்கொண்டிருக்கும். கேட்பதற்கு அங்கே எவரும் இல்லை. அடுத்து ஆல்சாமிக்சர் என்ற கருவியில் ஏதேனும் தடம் முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் முடக்கம் என்று பொருள். வெளியீட்டுப் பட்டியலில் ‘டம்மி’ என்று மட்டும் இருந்தால், சில்லே அறியப்படவில்லை. அண்மைக் கால இன்டெல் மடிக்கணினிகளில் இதற்கு எஸ்ஓஎஃப் எனப்படும் ஒலி நிலைபொருள் இல்லாததே பெரும்பாலும் காரணம். அந்தப் பொதியை நிறுவினால் ஒலி வரும்.

உறக்கநிலை இதைவிடக் கடினம். பழைய மடிக்கணினிகளில் மூடினால், நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றவை அணையும். புதியவற்றில் பலவும் கைப்பேசியைப் போல அரைத்தூக்கத்தில் கிடக்கின்றன. இதை விண்டோஸை மனத்தில் கொண்டு வடிவமைத்ததால், லினக்ஸில் சில கணினிகள் பைக்குள்ளேயே சூடாகி மின்கலத்தைத் தீர்த்துவிடுகின்றன. சில, மூடியபின் விழிப்பதே இல்லை. சில கணினிகளின் பயாஸில் உறக்க வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. பயாஸைப் புதுப்பிப்பதும், புதிய கெர்னலுக்கு மாறுவதும் பல நேரங்களில் தீர்வாகின்றன. தீராத இடத்தில் உறக்கத்தைக் கைவிட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவதே அறிவுடைமை. எஸ்எஸ்டி பொருத்திய கணினி விரைவில் தொடங்கிவிடும். ஓர் உறக்கத்துக்காக மூன்று நாள்களை இழக்க வேண்டியதில்லை. திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடியாத சிக்கலும் உண்டு. தொடக்க அமைப்பில் ஒளியை ஆளும் வழியை மாற்றிக் குறித்தால் அது பெரும்பாலும் சரியாகும்.

இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்திருப்போருக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குச் சென்றால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது; விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே திரையில் தெரிகிறது. பழுது எதுவுமில்லை, உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை தந்தால் போதும். இவ்வாறு இரண்டையும் வைத்திருப்போர் விண்டோஸில் உள்ள விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் வட்டைப் பாதி பிடித்துக்கொண்டு உறங்குகிறது. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகிறது.

நேரம் தவறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முறை அணைத்துத் தொடங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்ற எச்சரிக்கை வந்தால், உள்ளே இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. அதை மாற்றினால் போதும். லினக்ஸ் நிறுவிய வாரத்தில் இது நிகழ்ந்தால் பழி லினக்ஸ் மேல் விழுகிறது. மாற்றத்துக்குப் பின் வரும் பழுதெல்லாம் மாற்றத்தால் வருவதில்லை. ஏழெட்டு ஆண்டு உழைத்த ஹார்டு டிஸ்க் எப்போதோ நோயுற்றிருக்கும். புதிய இயங்குதளத்தை எழுதும்போது அந்த நோய் வெளிப்படுகிறது. வட்டுகள் என்ற கருவியில் ஸ்மார்ட் தரவைப் பார்த்தால் அது எந்த நிலையில் உள்ளது என்பது தெரியும். ஐயம் ஏற்படும்போதெல்லாம் பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸ் வகையை இயக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. அங்கும் அதே பழுது இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். இல்லையெனில் அமைப்பைத் திருத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. கெட்டுவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

கேரளமும் மியூனிக்கும்

தனிநபர் திறமையால் ஒரு கணினியைச் சரிசெய்யலாம். ஒரு அமைப்பை மாற்ற முடியாது. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியபோது தனியுடைமை மென்பொருளே பாடமாக இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் தொடர்ந்து வாதாடிய பின்னரே பள்ளிகள் படிப்படியாகக் குனு/லினக்ஸுக்கு மாறின. 2006இல் பதவியேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசு அதை மாநிலக் கொள்கையாக்கியது. 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 2019இல் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்காகப் புதிய பதிப்பு வெளியிடப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. செய்தித்தாள்கள் இந்தத் தொகையைத்தான் தலைப்பாக்கின. தொகையைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. ஒவ்வொரு பள்ளியிலும் கணினிக்குப் பொறுப்பான ஓர் ஆசிரியர், அவருக்குப் பயிற்சியளிக்க மாவட்டந்தோறும் பயிற்றுநர்கள், 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுக்கள் என ஆட்கள் இருந்தனர். வைஃபை வராத வகுப்பறையில் யாரை அழைப்பது என்பதற்குப் பெயர் சொல்லத்தக்க விடை இருந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இதன் மறுபக்கம். சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி உலகுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட அந்நகரம், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. அரசியல் தலைமை மாறியதும், நிறுவனங்களின் செல்வாக்கும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ஆனால் ஊழியர்களின் அன்றாடப் புகார்கள் பெருகியிருந்ததும் உண்மை. நகரத்தின் தகவல் தொழில்நுட்பத் துறை சிதறிக் கிடந்ததால் புகாருக்கு விடை தாமதமாயிற்று என்ற விமர்சனமும் எழுந்தது. எதிரியின் சதியை மட்டும் பேசிவிட்டு இதை மறைத்தால் அடுத்த முயற்சியும் அதே இடத்தில் நிற்கும்.

இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான ஆதரவில் அது முன்னோடி. ஆயினும் அரசு அலுவலகங்களின் அன்றாடத்தில் விண்டோஸின் இடத்தை அது பிடித்துவிடவில்லை. மென்பொருள் இருந்தது, மேசைக்கு அருகில் வந்து நிற்கும் ஆள் இல்லை.

கட்சி அலுவலகங்களில் வேறொரு குறை காணப்படுகிறது. கணினி அறிந்த ஒரு தோழர் இருப்பார். வருவார், கேட்பவரை எழச் சொல்லிவிட்டு, வேகமாக எதையோ தட்டுவார், சரியாகிவிட்டது என்று எழுந்து போவார். என்ன செய்தார் என்பது எவருக்கும் தெரியாது. அடுத்த முறை அவர் வேறு மாநிலத்தில் மாநாட்டுப் பணியில் இருப்பார். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பழுது நீக்கும் அறிவு மட்டும் ஒருவர் தலைக்குள் தனியுடைமையாகிவிடுகிறது. விசைப்பலகையில் எப்போதும் பயனரின் கையே இருக்க வேண்டும். அறிந்தவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நேரம் கூடும், பொறுமையும் வேண்டும்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுமில்லை. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் பல ஆண்டுப் பக்கங்களைப் பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் பிரிவுகள், அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அப்படியே வைத்திருக்கலாம். தட்டச்சும் மொழிபெயர்ப்பும் நடக்கும் கணினிகளை மாற்றுவதே முதல் படி. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் எளிதில் அமைகிறது. புதிதாக அச்சுப்பொறி வாங்கும்போது, கடைக்காரர் சொல்லை நம்பாமல், அந்த மாதிரி எண்ணுக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். இந்திய அலுவலகங்களில் பரவலாக உள்ள சில பழைய லேசர் அச்சுப்பொறிகள் லினக்ஸில் பெரும் தொல்லை தருபவை. 1980இல் எம்ஐடி ஆய்வகத்தில் தொடங்கிய தகராறு இன்னும் முடியவில்லை.

மேற்சொன்ன மொழிபெயர்ப்புப் பிரிவில் இப்போது ஒரு நீளப் பதிவேடு இருக்கிறது. பழைய கணக்குப் புத்தகம்தான். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு பக்கம்: சில்லுகளின் எண்கள், வந்த பழுது, முயன்றவை, பலித்தது, பலிக்காதது, தேதி. எழுதியிருப்பது தமிழில், கட்டளைகள் மட்டும் ஆங்கில எழுத்துகளில். முதல் பக்கத்தில் நீலத் திரையைப் பற்றிய குறிப்பை எழுதியவர், பழையதையே போட்டுவிடுங்கள் என்று சொன்ன அதே தோழர். சென்ற மாதம் வேறு பிரிவிலிருந்து வந்த மடிக்கணினி ஒன்றில் அதே சிக்கல் வந்தபோது, அந்தப் பக்கத்தைப் பார்த்து இருபது நிமிடத்தில் அவரே முடித்தார். மூன்றாவது கணினியின் கைரேகை உணரி மட்டும் இன்னும் இயங்கவில்லை. அதன் எண் பதிவேட்டில் இருக்கிறது. கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒருவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தேதியிட்டு ‘இல்லை’ என்று எழுதுகிறார்.